அயலார் கண்ட அங்காடி: மத்தியகால ஆசியச் சந்தைகளும் உணவும் பற்றிய மூன்று பயணிகளின் சான்றுகள்

ஒரு நாட்டின் கடந்தகால வரலாற்றை எழுதப் புகும் ஆய்வாளர் முதலில் நாடுவன கல்வெட்டுக்களும் செப்பேடுகளும் அரசமரபு கூறும் நூல்களுமே. இவை தரும் செய்திகள் பெரும்பாலும் அரசரையும் அவர்தம் போர்களையும், கோயில்களையும் அவற்றுக்கு வழங்கப்பட்ட கொடைகளையும் பற்றியன. அக்காலத்துப் பொதுமக்கள் எதனை உண்டனர், அதனை எங்கு வாங்கினர், விற்றவர் யாவர், கொடுத்த விலை யாது என்னும் வினாக்களுக்கு இச்சான்றுகளில் விடை காண்பது அரிது. ஓர் ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்த ஒன்றை அவ்வூரார் எவரும் எழுதிவைக்க வேண்டிய தேவை எழவில்லை என்பதே இதற்கு முதற் காரணமாகும்.

இக்குறையை ஓரளவு நிறைவுசெய்வன பிறநாட்டுப் பயணிகளின் குறிப்புகள். அயல்நாட்டிற் கால்வைத்தவன் முதல் நாளிலேயே உணவு தேட வேண்டியவனாகிறான். அரசனைக் காணாமலும் அவன் தாயகம் திரும்பலாம். அங்காடிப் பண்டமின்றி அவனால் ஒருநாளேனும் கழிக்க இயலாது. அங்கு அவன் காணும் காய்கறியும் மீனும் மதுவும், நாணயமும் நிறையும், விற்பாரும் கொள்வாரும் அவனுக்குப் புதியன. புதியனவாதலின் அவற்றை எழுதுகிறான். நாள்தோறும் கண்டோர் கண்ணிற் படாதது வந்தவன் கண்ணிற் படுகின்றது.

அங்காடி வருணனை தமிழிலக்கியத்துக்குப் புதியதன்று. மதுரைக்காஞ்சி நாளங்காடியையும் அல்லங்காடியையும் விரித்துரைக்கின்றது. பட்டினப்பாலையும் சிலப்பதிகாரமும் புகார் நகரின் பண்டங்களையும் வணிகரையும் காட்டுகின்றன. எனினும் நகர் வளத்தைப் புகழும் புலவர் மரபிற்கமைய அவ்வருணனைகள் எழுந்தன. அவற்றிற் பண்டங்களின் பெயர்கள் நிறைந்துள்ளன; அவை என்ன விலைக்குப் போயின என்பது அரிதாகவே கூறப்படுகின்றது. பயணியோ விலை கொடுத்து வாங்கியவன். இவ்வேறுபாடு வரலாற்று மாணவர் கருதத்தக்கது.

1296ஆம் ஆண்டிற்கும் 1433ஆம் ஆண்டிற்கும் இடைப்பட்ட காலத்தில் ஆசியாவின் கடல்வழிகளிற் சென்ற மூவர் இவ்வகையிற் சிறப்பிடம் பெறுகின்றனர். கம்போடியாவுக்குச் சென்ற சீனரான சௌ தாகுவான், மொறோக்கோவிலிருந்து புறப்பட்ட இப்னு பதூதா, சீனத் தளபதி செங் ஹோவின் கப்பல்களில் மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்த மா ஹுவான் என்போரே அவர்கள். இவர்களுட் பின்னிருவர் இலங்கை பற்றியும் எழுதியுள்ளனர். இவர்தம் சந்தைக் குறிப்புகளும் உணவுக் குறிப்புகளும் வரலாற்றுக்கு எத்துணை பயன்படுவன, அவற்றை எவ்வாறு படித்தல் வேண்டும் என்பன இங்கு ஆராயப்படுகின்றன.

1. அங்கோரின் நாளங்காடி

யுவான் வமிசத்துப் பேரரசன் தெமூர் கான் கெமர் அரசுக்கு அனுப்பிய தூதுக்குழுவில் சௌ தாகுவான் இடம்பெற்றிருந்தார். 1296ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வென்சௌ துறைமுகத்திலிருந்து புறப்பட்ட இவர், அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் அங்கோர் நகரை அடைந்து, 1297 யூலை வரை ஏறத்தாழ பதினொரு மாதங்கள் அங்குத் தங்கினார். அவர் எழுதிய நூலை 1819இல் அபேல் ரெமுசாவும், 1902இல் போல் பெலியோவும் பிரெஞ்சு மொழியிற் பெயர்த்தனர். அங்கோர் பற்றி நேரிற் கண்டவர் எழுதிய அக்காலத்து நூல் இஃதொன்றே.

சௌ தாகுவான் கூறும் சந்தை நாள்தோறும் காலை ஆறு மணியளவிற் கூடி நண்பகலிற் கலைந்தது. நிலையான கடைகள் இல்லை. நிலத்திற் பாய் விரித்து அதன்மீது பண்டங்களைப் பரப்பினர். ஒவ்வொருவருக்கும் உரிய இடம் இருந்தது. அவ்விடத்துக்காக அதிகாரிகளுக்கு வாடகை செலுத்தப்பட்டது. சிறு கொள்வனவுகளுக்கு அரிசியும் தானியமும் சீனப் பொருள்களும் கொடுக்கப்பட்டன. அவற்றினும் பெரியவற்றுக்குத் துணியும், மிகப் பெரியவற்றுக்குப் பொன்னும் வெள்ளியும் பயன்பட்டன. நாணயம் அச்சிடாத ஒரு பேரரசின் பொருளாதாரம் எவ்வாறு இயங்கியது என்பதை விளக்கும் இச்செய்தி மிகப் பெறுமதி வாய்ந்தது.

இதனினும் முக்கியமானது, அந்நாட்டின் வணிகம் பெண்களின் கையில் இருந்தது என்னும் அவரது கூற்று. அங்கு வந்துசேரும் சீனர் முதற்கண் ஒரு பெண்ணை மணந்துகொள்வர் என்றும், அவளது வணிகத் திறனாற் பயன்பெறுவதே அதன் நோக்கங்களுள் ஒன்று என்றும் அவர் எழுதுகிறார். அரிசி எளிதிற் கிடைத்தது. இல்லறம் நடத்துவதும் வணிகஞ் செய்வதும் எளிதாயிருந்தன. ஆதலாற் கப்பலை விட்டோடி அங்கேயே தங்கிவிட்ட மாலுமிகள் பலர் என்பதும் அவர் தரும் செய்தி.

இக்கூற்றைச் சரிபார்க்க இருவகைச் சான்றுகள் உள்ளன. ஏழாம் ஜயவர்மன் எழுப்பிய பாயோன் கோயிலின் வெளிச்சுற்றுப் புடைப்புச் சிற்பங்களிற் சந்தைக் காட்சிகள் செதுக்கப்பட்டுள்ளன. பண்டங்களை முன்வைத்து அமர்ந்திருப்போர் பெண்களாகவே காணப்படுகின்றனர். உணவு சமைக்கும் காட்சிகளும் அங்கு உண்டு. சௌ தாகுவானின் வருகைக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முற்பட்ட சிற்பங்கள் அவை. பிற்பட்ட சான்றாக அமைவது மா ஹுவானின் நூல். சீயம் பற்றி எழுதுகையில் அவர், கொடுக்கல் வாங்கல் முதலாய கருமங்கள் யாவும் மனைவியரின் முடிவிற்கமையவே நடந்தன என்கிறார். ஒரு நூற்றாண்டிற்கு மேற்பட்ட இடைவெளியில், வெவ்வேறு நாடுகளிற் பெறப்பட்ட இவ்விரு கூற்றுக்களும் ஒத்துச் செல்கின்றன. தென்கிழக்காசிய வணிகத்திற் பெண்கள் பெற்றிருந்த இடத்தை 1988இல் வெளியான நூலில் வலியுறுத்திய வரலாற்றாசிரியர் அந்தனி ரீட் போன்றோருக்கு இத்தகைய பயணக் குறிப்புகள் அடிப்படையாயின.

கல்வெட்டுக்கள் இதுபற்றி என்ன கூறுகின்றன என்பதும் நோக்கத்தக்கது. 1186ஆம் ஆண்டைச் சேர்ந்த தா புரோம் கல்வெட்டு உணவு பற்றிப் பேசாமலில்லை. அரிசி, எள், பயறு, நெய், பால், தேன் முதலியன கோயிலுக்கு எவ்வளவு வரவேண்டும் என்று அது கணக்கிடுகின்றது. அக்கோயிலின் தேவைக்கென 3,140 ஊர்களும் 79,365 மக்களும் ஒதுக்கப்பட்டிருந்தமையும் அதனால் அறியப்படுகின்றது. கோயிலுக்கு உரிய உணவின் கணக்கு ஒவ்வொரு பொருளாக எழுதப்பட்டுள்ளது. அந்த எண்பதினாயிரம் பேர் தம் உணவை எங்குப் பெற்றனர் என்பது எழுதப்படவில்லை. பாய் விரித்து அமர்ந்த பெண்ணைச் சீனரே எமக்குக் காட்டுகின்றார்.

வீடுகளின் அடுக்களையையும் அவர் கண்டார். நிலத்திற் புதைத்த மூன்று கல்லே அடுப்பு. சோறாக்க மண்பானை, கறிக்கு மண்சட்டி, சிரட்டையாற் செய்த அகப்பை, இலையால் மடித்த கிண்ணம் ஆகியன பயன்பட்டன. நீர்மம் நிறைப்பினும் ஒழுகாத அவ்விலைக் கிண்ணம் யாழ்ப்பாணத்துப் பிளாவை நினைவூட்டுவது. கையால் உண்ணும் வழக்கமும் குறிக்கப்பட்டுள்ளது. காடி செய்யத் தெரியாமையால் ஒருவகை மரத்தின் இலை, தளிர், காய் என்பவற்றாற் புளிப்பேற்றினர் என்றும், சோயாவிற் குழம்பு செய்ய அறியாதவர் என்றும் அவர் கூறுகிறார். மேசையும் இருக்கையும் இல்லாமையையும் தவறாது குறித்துள்ளார். இக்குறிப்புகளில் ‘இல்லை’, ‘அறியார்’ என்னும் சொற்கள் அடிக்கடி வருவதைக் காணலாம். சீன நகரத்து வீடு ஒன்றே அவர் கையிலிருந்த அளவுகோல்.

2. ஒரு சோழியின் இரு விலைகள்

1304இல் தாஞ்சியர் நகரிற் பிறந்து, 1325இற் பயணம் தொடங்கிய இப்னு பதூதா, 1354 வரை ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் சுற்றியவர். சமயச் சட்டம் பயின்றவராதலின் சென்ற இடமெல்லாம் அரசரையும் அறிஞரையும் நாடினார். எனினும் உண்ட உணவையும் கேட்ட விலையையும் அவர் மறந்தவரல்லர்.

1331இல் ஆபிரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள மொகதிசு துறைமுகத்தை அவர் அடைந்தபோது, சிறுபடகுகளில் இளைஞர் எதிர்கொண்டு வந்தனர். ஒவ்வொருவரும் மூடிய தட்டில் உணவேந்தி வந்து, கப்பலிலிருந்த வணிகருள் ஒருவரிடம் கொடுத்து அவரைத் தம் விருந்தினர் என அறிவித்தனர். அதன்பின் அவ்வணிகர் தம்மை ஏற்றவரின் வீட்டிலேயே தங்க வேண்டும். அவரூடாகவே விற்கவும் வாங்கவும் வேண்டும். விருந்தளித்தவர் முன்னிலையின்றி நிகழ்ந்த விற்பனை செல்லாததாகக் கருதப்பட்டது. விருந்தோம்பல் என்று மேலோட்டமாக நோக்குவோருக்குத் தோன்றுவது, தரகு முறைமையின் முதற்படியாக அமைந்திருந்தமை இதனாற் பெறப்படுகின்றது. மாலைதீவிலும் இதனையொத்த வழக்கத்தை அவர் கண்டார். அங்குத் தட்டிலிருந்த உணவுக்குப் பதிலாக வெற்றிலையும் இளநீர்க் காயும் கொடுக்கப்பட்டன.

மொகதிசுவில் அவர் உண்டது நெய்யிற் சமைத்த சோறு. அதன்மேல் கோழி, இறைச்சி, மீன், காய்கறி என்பன கறிகளாக இடப்பட்டன. பாலில் அவித்த வாழைக்காயும், தயிரும், ஊறவைத்த எலுமிச்சையும் மிளகும், பச்சை இஞ்சியும், மாங்காயும் உடன் வைக்கப்பட்டன. சோற்றில் ஒரு வாயும் ஊறுகாயில் ஒரு வாயுமாக அவர்கள் உண்டமையை அவர் வியந்து எழுதுகிறார். மாம்பழத்தைத் தம் நாட்டார்க்கு விளக்கப் புகுந்து, கொட்டையுள்ள ஆப்பிள் போன்றது என்கிறார். தமிழ் வாசகருக்கு இவ்விலையில் வியப்புக்குரியது யாதுமில்லை. ஆனால் ஆபிரிக்கக் கரையில் 1331இல் இவ்வுணவு பரிமாறப்பட்டமை, இந்துமாகடலின் இரு கரைகளும் வணிகத்தால் மட்டுமன்றிச் சமையலாலும் இணைந்திருந்தமைக்குச் சான்றாகும்.

மாலைதீவில் 1343, 1344ஆம் ஆண்டுகளிற் காதியாகப் பணியாற்றிய இப்னு பதூதா அத்தீவுகளின் பொருளியலைத் தெளிவாக எழுதியுள்ளார். செந்நிறத் தசையுடைய ஒரு மீனைத் துண்டங்களாக்கிச் சிறிது அவித்து, ஓலைக் கூடையிலிட்டுப் புகையூட்டி உலர்த்தினர். அது இந்தியாவுக்கும் சீனத்துக்கும் யேமனுக்கும் ஏற்றப்பட்டது. இலங்கையின் அடுக்களைகளில் இன்றும் சம்பலுக்கும் கறிக்கும் இடப்படும் மாசியே அது என்பதில் ஐயமில்லை. தீவில் மட்கலம் அரிது. ஆதலாற் கப்பலில் வந்த ஒரு பானைக்கு ஐந்து அல்லது ஆறு கோழிகள் மாற்றாகக் கொடுக்கப்பட்டன.

அத்தீவுகளின் நாணயம் சோழி. கடலிலிருந்து எடுத்துக் குழியிலிட்டுத் தசை அழிந்தபின் வெண்மையாகக் கிடைக்கும் அச்சோழி, பொன் தினார் ஒன்றுக்கு 4,00,000 என்னும் கணக்கில் விற்கப்பட்டது. விலை வீழ்ந்த காலங்களில் 12,00,000 வரையும் கொடுக்கப்பட்டது. வங்காளத்தவர் அரிசி கொடுத்து அதனைப் பெற்றனர். அங்கும் அது நாணயமாக வழங்கியது. யேமன் நாட்டார் தம் கப்பல்களில் மணலுக்குப் பதிலாக அடிப்பாரமாக அதனை இட்டுச் சென்றனர். இத்துணையும் எழுதியபின் இப்னு பதூதா மேலும் ஒரு செய்தி தருகிறார். பின்னாளில் மேற்கு ஆபிரிக்காவின் மாலி நாட்டிலும் காவோ நகரிலும் அதே சோழி தினாருக்கு 1,150 ஆக விற்கப்பட்டதைத் தாம் கண்டதாக அவர் கூறுகிறார்.

தினாரின் நிறையும் தரமும் எல்லாவிடத்தும் ஒன்றாயிருந்தன எனக் கொள்ளல் தகாது. அதனை மனங்கொண்டு நோக்கினும், ஏறத்தாழ 350 மடங்கு விலை வேறுபாடு இங்குத் தெரிகின்றது. மாலைதீவில் சோழி பொறுக்கியவர் மாலியை அறியார். மாலியிற் சோழியை எண்ணியவர் அது விளைந்த கடலை அறியார். இரு முனைகளிலும் நின்று விலை கேட்ட ஒரு பயணியின் கூற்றினாலேயே, 14ஆம் நூற்றாண்டில் இந்துமாகடலிலிருந்து சகாராவுக்கு அப்பால் வரை நீண்டிருந்த ஒரு பண்ட வழி எமக்குப் புலனாகின்றது. எந்த அரசவைக் கல்வெட்டும் இதனைத் தந்திருக்க முடியாது.

வங்காளத்தில் அவர் கண்ட மலிவும் இவ்வாறே எண்களாற் பதிவுபெற்றது. வெள்ளித் தினார் ஒன்றுக்குத் தில்லி நிறையில் 25 இறாத்தல் அரிசி. திர்கம் ஒன்றுக்கு எட்டுக் கொழுத்த கோழிகள். இரண்டு திர்கத்துக்கு ஒரு கடா. ஒரு தில்லி இறாத்தல் தம் நாட்டின் 20 இறாத்தலுக்குச் சமம் என்றும் அவர் கணக்குக் காட்டுகிறார். அரிசியின் அவ்விலையையே அவ்வூரார் அதிகம் என முறையிட்டனராம். அம்முறையீட்டையும் அவர் எழுதிவைத்தமையால், பயணிக்கு மலிவாய்த் தோன்றியது உள்ளூர் உழைப்பாளிக்கு அவ்வாறிருக்கவில்லை என்பதும் அறியக் கிடக்கின்றது.

3. புத்தளத்திலிருந்து சிவனொளிபாத மலை வரை

1344இல் இப்னு பதூதா இலங்கையிற் கரையிறங்கிய இடம் பத்தாளா என்று அவர் நூலில் வழங்குகின்றது. இது புத்தளமே என்பது பொதுவாக ஏற்கப்பட்ட முடிபு. ஆரியச்சக்கரவர்த்தி அப்போது அங்கிருந்தார். மன்னர் பாரசீகம் அறிந்தவர் என்பதும், முத்துக்குளிப்பிற் கிடைத்த முத்துக்கள் அவர்முன் இருந்தன என்பதும் யாழ்ப்பாண அரசின் வரலாற்றை எழுதியோர் பலரும் எடுத்தாண்ட செய்திகள். அவர்கள் அத்துணை கருதாத வேறு சில குறிப்புகளே இக்கட்டுரைக்கு இன்றியமையாதன.

கடற்கரையெங்கும் கறுவா மரங்கள் ஆற்று வெள்ளத்தால் அடித்து வரப்பட்டுக் குன்றுகள் போலக் குவிந்து கிடந்தன. மாபர் என்று அறபிகள் குறித்த தமிழகக் கரையினின்றும் மலையாளக் கரையினின்றும் வந்தோர் அவற்றை விலையின்றி எடுத்துச் சென்றனர். பதிலாக மன்னருக்குத் துணி முதலியவற்றைக் காணிக்கையாக அளித்தனர். விலையின்றி என்று பயணி கூறினும், துணி கொடுத்துக் கறுவா பெறுவது வணிகமே. காணிக்கை என்னும் வடிவில் அது மன்னரூடாக நடைபெற்றது என்பதே இதன் பொருளாகும். அரசனின் உரிமையும் வணிகரின் இலாபமும் ஒருங்கே நிலைபெற்ற முறையை இது காட்டுகின்றது.

மலைக்குச் செல்ல விரும்பிய பயணிக்கு மன்னர் வழித்துணை தந்தார். யோகியர் நால்வர், பிராமணர் மூவர், அரசவையினர் பதின்மர் ஆகியோருடன் உணவுப்பொருள் சுமக்கப் பதினைவர் அனுப்பப்பட்டனர். ஆட்சியெல்லையில் மன்னார் மண்டலி என்று அவர் குறிக்கும் ஊரில் மக்கள் விருந்தளித்தனர். காட்டிற் பிடித்து உயிருடன் கொண்டுவரப்பட்ட எருமைக் கன்றின் இறைச்சி, சோறு, நெய், மீன், கோழி, பால் என்பன அவ்விருந்தில் இடம்பெற்றன. ஆரியச்சக்கரவர்த்திகளின் ஆட்சிக்குட்பட்ட ஓரூர் மக்கள் 1344இல் ஒரு விருந்தினருக்கு எதனைப் படைத்தனர் என்பதை இவ்வளவு நேரடியாகக் கூறும் சான்று மிக அரிது. அரசமரபு கூறும் நூல்கள் மன்னர் பெயரை வரிசைப்படுத்த, அயலார் ஒருவர் அவர்தம் குடிகளின் இலையில் இருந்ததை எழுதியுள்ளார்.

உணவு சமூக எல்லையையும் காட்டுவது. மலையாளக் கரையில் இந்துக்கள் முஸ்லிம்களைத் தம் வீட்டினுள் விடார் என்றும், தம் கலங்களில் உணவளியார் என்றும், முஸ்லிம்கள் வாழாத ஊர்களில் வாழையிலையிற் சோறிட்டனர் என்றும் இப்னு பதூதா எழுதுகிறார். இலங்கையிலோ, பிற சமயத்தவர் முஸ்லிம் பயணிகளை மதித்து வீட்டிலேற்று உணவளித்தனர் என்று கூறி, இந்தியாவில் தாம் கண்டதினின்றும் இது வேறுபட்டது எனச் சுட்டுகிறார்.

4. காலிக் கல்வெட்டும் மா ஹுவானும்

மா ஹுவான் சீனத்தின் சாவோசிங் பகுதியைச் சேர்ந்த முஸ்லிம். செங் ஹோவின் கடற்பயணங்களில் 1413, 1421, 1431ஆம் ஆண்டுகளிற் பங்குகொண்டவர். அவரது நூல் 1451இல் வெளியாயிற்று.

அவர் இலங்கைக்கு வருமுன்னரே சீனர் இந்நாட்டில் ஒரு கல்வெட்டை நாட்டியிருந்தனர். சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளிலும் பொறிக்கப்பட்டு 1409ஆம் ஆண்டுத் திகதியைத் தாங்கிய அக்கல், 1911இற் காலியிற் கண்டெடுக்கப்பட்டது. அதன் தமிழ்ப் பகுதி தேவிநுவரையிற் கோயில்கொண்டிருந்த தென்னவரை நாயினாருக்கு அளித்த காணிக்கைகளைக் கூறுகின்றது. பொன் 1,000, வெள்ளி 5,000 எனத் தொடங்கிப் பட்டு, சந்தனம், எண்ணெய் எனப் பட்டியல் நீள்கின்றது. பேரரசு ஒன்று தன்னைப் பிறர் எவ்வாறு காணவேண்டும் என விரும்பியதோ அதுவே அக்கல்லில் உள்ளது.

அதே பேரரசின் மொழிபெயர்ப்பாளர் எழுதியவை வேறு வகையின. இலங்கையில் நெல், எள், பயறு விளைகின்றன, கோதுமை இல்லை. தெங்கு மிகுதி. மக்கள் பசுவின் இறைச்சி உண்ணார், பால் அருந்துவர். நெய்யும் பாலும் இன்றி அவர்களுக்கு உணவு செல்லாது. வெற்றிலையும் பாக்கும் வாயை விட்டகலா. உண்ணும்போது பிறர் காணாதவாறு இருளான இடத்திற்குச் செல்வர். சீனத்துக் கத்தூரியும் பட்டும் நீலப் பீங்கானும் செப்புக்காசும் விரும்பிப் பெற்று, மணியும் முத்தும் மாற்றாகக் கொடுப்பர்.

கள்ளிக்கோட்டைச் சந்தை பற்றி மா ஹுவான் எழுதியவை மேலும் விரிவானவை. அரசனின் அதிகாரியும் செட்டியும் தரகரும் சீனக் கப்பலின் பண்டங்களை ஒவ்வொன்றாகப் பார்வையிட்டு விலை பேசுவர். விலை முடிவானதும் அனைவரும் கைகோத்து உறுதிசெய்வர். அதன்பின் விலை ஏறினும் இறங்கினும் முடிவு மாறாது. மணிகளுக்கு விலை பேச ஒன்று முதல் மூன்று மாதங்கள் வரை செல்லும். கணக்கர் மணிச்சட்டமின்றிக் கைவிரலும் கால்விரலுமாக இருபதையும் கொண்டே பிழையின்றிக் கணித்தமை சீனருக்குப் பெருவியப்பாயிற்று. தென்னையின் பத்துப் பயன்களையும் அவர் வரிசைப்படுத்துகிறார்: கள், எண்ணெய், சர்க்கரை, உணவு, கயிறு, கலம், கூரை எனச் செல்லும் அப்பட்டியல் ஓர் உழவன் கூறக்கேட்டு எழுதியது போலுள்ளது. கொச்சியில் மலையில் மிளகு பயிரிட்டோரிடமிருந்து வணிகர் அதனை வாங்கிச் சேமித்து, அயற்கப்பல் வரும்வரை காத்திருந்தமையையும் அவர் அறிந்திருந்தார். மலாக்காவில் அரசன் அமைத்த மரப்பாலத்தின் மீது இருபதுக்கு மேற்பட்ட கூடங்கள் இருந்தன. அந்நகரின் வணிகம் யாவும் அப்பாலத்திலேயே நடைபெற்றது.

5. சான்றுகளைப் படிக்கும் முறை

இனி, இலங்கை பற்றிய இரு கூற்றுக்களையும் அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும். அயலாரை வீட்டிலேற்று உணவளித்தவர் என்கிறார் ஒருவர். பிறர் காணாது மறைவில் உண்பவர் என்கிறார் மற்றவர். இவற்றுள் எது பொய்?

இரண்டும் மெய்யாயிருத்தல் கூடும். இப்னு பதூதா ஆரியச்சக்கரவர்த்தியின் ஆட்களுடன், புனித யாத்திரிகராக, புத்தளத்திலிருந்து மலைக்குச் சென்றவர். அவர் பெற்ற விருந்து அரசனின் விருந்தினர் பெற்ற விருந்து. மா ஹுவானின் கப்பல்கள் அணுகியவை பேருவளை போன்ற துறைகள். அவர் கண்டோர் வேறு. கண்ட காலமும் ஏறத்தாழ எழுபது ஆண்டு பிற்பட்டது. உண்போரைப் பிறர் நோக்கலாகாது என்னும் எண்ணம், கண்ணூறு பற்றிய அச்சமாகவும் தூய்மை பற்றிய விதியாகவும் தென்னாசியச் சமூகங்கள் பலவற்றில் நிலவியதொன்று. விருந்தினருக்கு இடுவதும் தாம் மறைவில் உண்பதும் ஒரே வீட்டில் நிகழக்கூடியனவே. எருமைக் கன்றின் இறைச்சியும் பசுவிறைச்சி விலக்கலும்கூட முரண்பட்டவையல்ல. ஓரூரிற் கண்டதை நாடு முழுவதற்கும் ஏற்றிக் கூறுவது பயணிகளின் பொதுவியல்பு. அதனை மீண்டும் அவ்வூருக்கே உரியதாக்குவது வரலாற்றாசிரியரின் கடமை.

தங்கிய காலமும் கருதத்தக்கது. சௌ தாகுவான் அங்கோரிற் கழித்தது பதினொரு மாதங்கள். 1660இற் கொட்டியாரத்திற் சிறைப்பட்டு 1679 வரை கண்டியரசில் வாழ்ந்த றொபேட் நொக்ஸ், தொப்பி பின்னி விற்றும் நெல்லை வட்டிக்குக் கொடுத்தும் பிழைத்தவர். சந்தையைப் பார்த்தவருக்கும் சந்தையாற் பிழைத்தவருக்கும் உள்ள வேறுபாடு அவரது 1681ஆம் ஆண்டு நூலைப் படிப்போருக்கு எளிதிற் புலப்படும்.

நூல்கள் உருவான முறையும் ஐயத்துக்கு இடமளிக்கின்றது. இப்னு பதூதா 1355இல் நினைவிலிருந்து கூற, இப்னு யுசை என்பார் எழுதினார்; பிறர் நூல்களிலிருந்தும் பகுதிகள் சேர்க்கப்பட்டன. சில இடங்களுக்கு அவர் உண்மையிற் சென்றாரா என ஆய்வாளர் ஐயுறுகின்றனர். சௌ தாகுவானின் நூல் இன்று முழுமையாகக் கிடைக்கவில்லை. எனினும் ஒன்று நினைவிற் கொள்ளத்தக்கது. அரசரின் செல்வத்தையும் படைப்பெருக்கத்தையும் கூறுமிடத்து மிகைப்படுத்தப் பயணிக்குக் காரணம் உண்டு. ஒரு பானைக்கு ஐந்து கோழி என்று பொய் கூறுவதால் அவன் பெறும் பயன் யாதுமில்லை. இவ்வகையிற் சந்தைக் குறிப்புகள் ஏனைய பகுதிகளினும் நம்பகமானவை எனல் தகும்.

இம்மூவரும் காணத் தவறியவையும் பல. சந்தையில் விற்றவரை அவர்கள் கண்டனர். விளைவித்தவரைப் பெரும்பாலும் கண்டிலர். விலையை எழுதினர், அவ்விலைக்கு வாங்க இயலாது திரும்பியோரை எழுதவில்லை. விற்ற பெண்ணைக் குறித்தனர். அவள் பெயரைக் கேட்கவில்லை. சந்தை கலைந்தபின் எஞ்சிய வாழ்வு அவர்தம் பார்வைக்கு அப்பாற்பட்டது.

ஆயினும் அவர்கள் தந்தது சிறிதன்று. நாணயமில்லாப் பேரரசில் அரிசி நாணயமாயிருந்ததும், பெண்கள் வணிகத்தை நடத்தியதும், விருந்து தரகாக அமைந்ததும், காணிக்கை விலையாக இருந்ததும், ஒரு சோழி இரு கண்டங்களை இணைத்ததும் இக்குறிப்புகள் இன்றேல் பெரும்பாலும் மறைந்திருக்கும். இலங்கைத் தமிழரின் வரலாறு அரசமரபுகளின் வரிசை, தலைநகரங்களின் அமைவிடம், மன்னர்களின் காலம் என்னும் வினாக்களையே நெடுங்காலம் சுற்றி வந்துள்ளது. அவ்வினாக்கள் தேவையானவை. அவற்றோடு, புத்தளக் கரையிற் கறுவாவுக்குத் துணி மாற்றியோர் யாவர், மலைவழியில் உணவுப்பொருள் சுமந்த அப்பதினைவர் எக்குடியினர், எருமைக் கன்றைக் காட்டிற் பிடித்தவர் யாவர் என்னும் வினாக்களும் எழுப்பப்படல் வேண்டும். விடைகள் எளிதிற் கிடையா. தொல்பொருளாய்வாளர் அகழ்ந்தெடுக்கும் மட்கலத் துண்டுகளும், உணவெச்சங்களும், சீனப் பீங்கான் சில்லுகளும், பயணிகளின் இக்குறிப்புகளோடு ஒப்புநோக்கப்படும்போதே அவற்றை நோக்கி முன்னேற முடியும். அரண்மனையின் கதை கல்லில் எழுதப்பட்டுவிட்டது. அங்காடியின் கதை இன்னும் எழுதப்படவேண்டியதாகவே உள்ளது.